தொட்டியின் வாயில் நீ உட்கார்ந்திருந்த பகல்

இன்று மத்தியானம் பட்டறை முற்றத்தில் ஒரு பழைய இரும்புத் தொட்டியின் மூடியைத் திறந்தார்கள். மழைக்காலம் முழுவதும் மூடியே கிடந்த தொட்டி. நட்டுகளைக் கழற்றி மூடியை நகர்த்தியதும் உள்ளேயிருந்து ஈரத் துருவின் வாடை வந்தது. நனைந்த செப்புக்காசை நாக்கில் வைத்தால் தொண்டைவரை ஒரு கசப்பு இறங்குமே, அந்த மாதிரி. என் வகுப்பு மாணவர்கள் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருவன், "உள்ளே எவ்வளவு ஆழம் சார்?" என்று கேட்டுக்கொண்டே தலையை நுழைத்தான். அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்து நான் இழுத்த இழுப்பில் இரண்டு பேருமே சேற்றில் விழுந்தோம்.

மற்றவர்களுக்குச் சிரிப்பு. நான் எழுந்து கால்சட்டையைத் துடைத்துக்கொண்டு, ஒரு லாந்தரை ஏற்றிக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கச் சொன்னேன். பாதிதான் இறங்கியிருக்கும். யாரோ உதடு குவித்து ஊதியதுபோல் சுடர் அணைந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "இப்படி யாராவது செத்திருக்கிறார்களா சார்?"

"உண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போகச் சொன்னேன். அதற்குமேல் என்னால் அவர்களிடம் பேச முடியவில்லை. உன்னிடம்தான் பேச முடியும் என்று தோன்றியது.

நாம் இரண்டு பேரும் வங்காளத்துக் கார்டன் ரீச் கப்பல் பட்டறையில் பயிற்சி மாணவர்களாகச் சேர்ந்த புதிதில், அந்த வகுப்பில் தமிழ் பேச நம்மைத் தவிர ஆள் இல்லை. என் அப்பா அலிப்பூரில் ஒரு அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தா. எனக்கு இந்த ஊர் பழகின ஊர். நீ திருநெல்வேலியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவன். கிடர்பூர் மெஸ்ஸில் முதல் நாள் சாப்பாட்டில், சமையல்கார தாக்கூர் பருப்புக்குள் மீன் தலையைப் போட்டுக் கொதிக்கவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு நீ இலையை விட்டு எழுந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஏ வேலு, பருப்பு என்னையப் பாக்குதுலே!" என்றாய். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில்தான் நாம் சிநேகிதர்கள் ஆனோம். சிறுவயது முழுக்க இந்த ஊரில் கழித்த எனக்கு வராத வங்காளம், ஆறே மாதத்தில் உனக்கு வந்துவிட்டது. கப்பல் டாக்குத் தொழிலாளிகளை எல்லாம் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுப் பேசுவாய்.

உனக்கு எதையும் காதால் கேட்டால் போதாது, கண்ணால் பார்க்கவேண்டும். துருப்பிடிக்கும் இரும்பு காற்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது என்று வகுப்பில் சொன்னார்கள். நான் எழுதிக்கொண்டேன். நீ அன்று மாலையே கடைத்தெருவில் ஒரு நீளமான கண்ணாடி ஜாடி வாங்கி வந்தாய். உட்புறத்தை நனைத்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரும்பு அரத்தூளை அதில் தூவி ஒட்டவைத்து, தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில் கவிழ்த்து மெஸ் மாடியில் வைத்தாய். எவனும் தொடக்கூடாது என்று தாக்கூருக்கு உத்தரவு. நாளாக ஆகத் தூள் சிவந்தது. தாம்பாளத்துத் தண்ணீர் தானாகவே ஜாடிக்குள் ஏறியது. இரும்பு எடுத்துக்கொண்ட காற்று இருந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது. ஐந்தில் ஒரு பங்கு உயரம் ஏறி, அதற்குமேல் ஏறாமல் நின்றுவிட்டது. ஜாடியின் வாயை ஒரு தட்டால் அடைத்து நிமிர்த்தி, எரியும் குச்சியை உள்ளே விட்டாய். குச்சி அணைந்தது. இன்னொன்று விட்டாய். அதுவும் அணைந்தது.

நீ வெகுநேரம் அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாய். பார்வைக்கு வெறும் ஜாடி. புகையில்லை, நாற்றமில்லை.

"இரும்பு காத்த முழுசாத் திங்கல வேலு. நமக்கு வேண்டியத மட்டும் தின்னுட்டு, மிச்சத்த அப்படியே வச்சிருக்கு. பாத்தா காத்து மாதிரியே இருக்கு" என்றாய்.

அந்த வருஷம் பங்குனி வெயிலில் ஒரு சரக்குக் கப்பல் பழுதுபார்க்க வந்தது. பழுதுபார்க்கும் டாக்குக் குளத்தில் தண்ணீரை வடித்துவிட்டு அதைக் கட்டைகள்மேல் உட்கார வைத்திருந்தார்கள். சரக்கில்லாத கப்பல் கவிழாமல் இருக்க அடிவயிற்றில் கடல்நீரை நிரப்பி வைப்பார்களே, அந்தத் தொட்டிகளில் ஒன்று நெடுநாளாகத் திறக்கப்படாமல் இருந்தது. உள்ளே போய்த் துருவைச் சுரண்டவேண்டும். அந்த வேலைக்கு வந்தவர் ஹாரான். நீ அவரை ஹாரான்தா, அதாவது ஹாரான் அண்ணன், என்றுதான் கூப்பிடுவாய். உனக்கு வங்காளத்தில் வசைச்சொற்களைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அவருடைய தம்பி நிமாயும் அதே கூட்டத்தில் வேலைசெய்தான். நம் வயதுதான் இருக்கும் அவனுக்கு.

காலையிலேயே மூடியைக் கழற்றியிருந்தார்கள். ஆள் இறங்குமுன் விளக்கு இறக்கிப் பார்க்கலாம் என்று நீ ஃபோர்மேன் துரையிடம் சொன்னாய். கப்பல் சீக்கிரம் போகவேண்டும் என்று அவருக்கு மேலிடத்து நெருக்கடி. "காலையிலிருந்து திறந்துதானே கிடக்கிறது?" என்றார். திறந்திருந்தது ஒரே ஒரு ஓட்டை. ஒரு ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டு இறங்கும் அளவு. காற்று உள்ளே போக ஒரு வழியும் வெளியே வர ஒரு வழியும் இருந்தால்தான் ஓடும் என்று நீ மறுபடி சொன்னாய். அவர் உன்னைப் பார்க்காமல் ஹாரானைப் பார்த்தார். ஹாரான் உன் முதுகில் தட்டி, "நீ சாப்பிட்ட சோற்றைவிட நான் இறங்கின தொட்டி அதிகம், தம்பி" என்று சிரித்தார். நீ கையில் ஏற்றி வைத்திருந்த விளக்கை வாங்கி ஓட்டையின் ஓரத்தில் வைத்துவிட்டு, சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார்.

கொஞ்ச நேரம் சுரண்டும் சத்தம் வந்தது. பிறகு ஏதோ கனமாக விழும் சத்தம். நிமாய் குனிந்து, "தாதா!" என்று அண்ணனைக் கூப்பிட்டான். பதில் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நிமாய் ஓட்டைக்குள் காலை விட்டான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு தயாராக நின்றார்கள். நீ நிமாயின் இடுப்பைப் பிடித்து வெளியே எறிந்தாய். எறிந்துவிட்டு, அவன் எழுவதற்குள், அந்த ஓட்டையிலேயே உட்கார்ந்துவிட்டாய். கால் இரண்டும் உள்ளே, இடுப்பு ஓட்டையை அடைத்தபடி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

"யாரும் இறங்கக்கூடாது!" என்று வங்காளத்தில் கத்தினாய். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், "வேலு, உலைத் துருத்தி! கித்தான் குழாய்! ஓடு!"

நான் ஓடினேன். ஆணி காய்ச்சும் உலைக்குக் காற்றடிக்கும் கைத்துருத்தியையும், டாக் கழுவும் கித்தான் குழாயையும் இரண்டு கலாசித் தொழிலாளிகளோடு தூக்கிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது நிமாய் உன்னை அடித்துக்கொண்டிருந்தான். உன் வாயெல்லாம் ரத்தம். வேறொருவன் உன் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நீ நகரவில்லை. திருப்பி அடிக்கவும் இல்லை. "என் அண்ணன் உள்ளே கிடக்கிறான், பாவி! விடு!" என்று நிமாய் அலறினான். "நீ போனாலும் அங்கேதான் கிடப்பாய்" என்று நீ சொன்னாய். சத்தம் போடாமல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

குழாயைத் துருத்தியில் மாட்டி உன் காலுக்கு இடையில் நுழைத்தோம். ஒருவன் துருத்தியை அடிக்க, நீ விளக்கைக் கயிற்றில் இறக்கினாய். அணைந்தது. ஏற்றி மறுபடி இறக்கினாய். மறுபடி அணைந்தது. அந்த நேரம் எவ்வளவு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு வாழ்நாள் அளவு இருந்தது. கடைசியில் சுடர் குறுகி, ஆடி, நின்று எரிந்தது. நீ உன் இடுப்பில் கயிற்றைக் கட்டினாய். கயிற்றின் மறுமுனையை நீட்டினாய். நான் கையை நீட்டினேன். ஆனால் நீ அதை நிமாயின் கையில் கொடுத்தாய்.

அவன் உன்னைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

நீ இறங்கி ஹாரானை மேலே அனுப்பினாய். அவர் உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது. நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்கள், கையைத் தூக்கி மடக்கிப் பார்த்தார்கள். மூச்சு வரவில்லை.

விழுந்த சில நிமிஷத்திலேயே உயிர் போயிருக்கும், யார் போயிருந்தாலும் அவரும் விழுந்திருப்பார் என்று பட்டறை டாக்டர் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. மாணவன் ஒருவன் வழியை மறித்ததால் தாமதம் ஆயிற்று என்று ஃபோர்மேன் துரை சொன்னதுதான் டாக் முழுக்கப் பரவியது. விளக்கைப் பற்றி முன்னாலேயே நீ கேட்டது அந்த விசாரணையில் வரவே இல்லை. நான் சொன்னேன். சிநேகிதன் சொல்வதைச் சாட்சியாக எடுக்கமுடியாது என்றார்கள். உன்னிடம் பேசிச் சிரித்தவர்கள் எல்லாம் நீ வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீ நீட்டும் சுத்தியலை வாங்காமல், கீழே வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார்கள். வகுப்பிலோ வேறு மாதிரி. காற்றை உறுதிசெய்துகொண்டே இறங்கவேண்டும் என்பதற்கு உன்னை உதாரணமாகச் சொல்லி, எழுந்து நிற்கச் சொன்னார்கள். நீ எழுந்தாய். நிற்கவில்லை, நேரே வெளியே போய்விட்டாய். நான் இப்போதெல்லாம் பாடம் நடத்தும்போது ஒரு கப்பல், ஒரு தொட்டி, ஒரு ஆள் என்று மட்டும்தான் சொல்கிறேன். உன்னைச் சொல்வதில்லை.

ஹாரானின் வீட்டுக்குப் போகவேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். அடிப்பார்கள் என்றேன். "அடிக்கட்டும்" என்றாய். கிடர்பூரில் கால்வாய் ஓரத்துக் குடிசைப் பகுதி. நிமாய் அங்கே இல்லை. ஹாரானின் மனைவி வாசலில் வந்து நின்றாள். புது வெள்ளைப் புடவை அவளுக்கு இன்னும் பழகியிருக்கவில்லை, முந்தானையைத் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். நீ அவளை பௌதி என்று, அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டாய்.

அவள்தான் கேட்டாள். "அவர் கூப்பிட்டாரா?"

"இல்லை பௌதி" என்றாய்.

"என் பெயரையோ, தம்பி பெயரையோ?"

"இல்லை. கூப்பிடவில்லை."

அவள் உன் உடைந்த வாயைப் பார்த்தாள். உன் கண்ணைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது கால்வாய்ப் பாலத்தில் நீ நின்றுவிட்டாய். கீழே வைக்கோல் படகுகள் போய்க்கொண்டிருந்தன. கைவண்டிக்காரர்கள் நம்மைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள்.

"கூப்பிடலன்னு சொன்னேன். அது பொய் இல்ல வேலு."

"நான் பொய் என்று சொல்லவில்லையே."

"தட்டுனாம்லே."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"எங்காலுக்குக் கீழ. சுத்தியலால தகட்டுல தட்டுனான். மேல எல்லாரும் கத்திக்கிட்டு இருந்தாங்க, யாருக்கும் கேக்கல. எனக்குக் கேக்கவும் இல்ல, பாதத்துல தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் தட்டுனான். அப்புறம் நின்னுட்டு."

மூச்சு முட்டும்போது கை தானாக இழுத்துக்கொள்ளும், அவருக்கு நினைவே இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். நீ தலையாட்டினாய்.

"இருக்கலாம். ஆனா அவன் தட்டுறான், நான் உக்காந்திருக்கேன். நெஞ்சு குதின்னு சொல்லுது, ஜாடி குதிக்காதேன்னு சொல்லுது. நான் ஜாடி சொன்னதக் கேட்டேன்." பிறகு, "இத வேற யார்ட்டயும் சொல்லிராத" என்றாய்.

அதற்குப் பிறகு நீ இருந்த இருப்பை நான் அறிவேன். தாக்கூர் கரண்டியால் சட்டியின் விளிம்பைத் தட்டினால் உன் கால்விரல்கள் மடங்கிக்கொள்ளும். சாப்பிடும்போது செருப்பைக் கழற்றமாட்டாய், தரையில் பாதம் படுவது உனக்குப் பிடிக்காமல் போயிற்று. ஆணி அடிக்கும் பட்டறையில் நாள் முழுக்கத் தட்டும் சத்தம்தானே! அங்கிருந்து வரும்போது உன் முகம் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஊருக்குப் போய்விடு என்று சொல்லிப் பார்த்தேன். "அங்க போனா மட்டும் காலைக் கழட்டி வச்சிரலாமா?" என்று கேட்டாய். படிப்பை முடித்தாய். ஆற்றோடு மேலே போனால் வரும் ஒரு சணல் ஆலையில் உனக்கு வேலை கிடைத்தது. அங்கே உன் கண்காணிப்பில் எந்தத் தொட்டியிலும், எந்தக் கொதிகலனிலும் விளக்கு இறங்காமல் ஆள் இறங்கியதில்லை என்று கேள்விப்பட்டேன். உன்னை அங்கே யாருக்கும் பிடிக்காது என்றும் கேள்விப்பட்டேன்.

விடுமுறைக்கு மெஸ்ஸுக்கு வந்த இடத்தில்தான் உனக்கு வாந்திபேதி கண்டது. காலையில் என்னோடு பேசிக்கொண்டிருந்தவன், சாயங்காலத்துக்குள் கன்னம் ஒட்டி, கண் குழிந்து, வேறு யாரோ போல் ஆகிவிட்டாய். மெஸ்ஸில் இருந்தவர்கள் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிட்டார்கள். உனக்கு நினைவு தப்பவே இல்லை. "கிட்ட வராத வேலு. அந்தச் செம்பத் தொடாத. கொதிச்ச தண்ணியில கையக் கழுவு. வாசல்லயே நில்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். உன் குரல் தேய்ந்து காற்றாகப் போனபிறகும் உதடு அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று உன் பேச்சை நான் கேட்கவில்லை. உள்ளே வந்தேன். உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, உன் பாதம் இரண்டையும் போர்வையால் சுற்றிவைத்தேன், எதிலும் படாமல். நீ திட்டினாய். பிறகு திட்டவில்லை. அந்த நோய் எனக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு இன்றுவரை எனக்குக் கணக்குத் தெரியாது.

இவ்வளவையும் உனக்கே திருப்பிச் சொல்வானேன் என்று கேட்பாய். உனக்குத் தெரியாத ஒன்று போன மாதம் நடந்தது. அதைச் சொல்லத்தான் இதெல்லாம்.

நிமாய் பட்டறை வாசலில் வந்து எனக்காகக் காத்திருந்தான். இத்தனை வருஷம் என்னைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போகிறவன். அவனுடைய மகனுக்கு அன்னப்பிராசனம், முதல் சோறு ஊட்டுகிறார்கள், வரவேண்டும் என்றான். போனேன். அதே குடிசைப் பகுதி, கூரை மட்டும் இப்போது ஓடு. குழந்தைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சோலாத் தக்கைக் கிரீடம் கட்டியிருந்தார்கள். குழந்தை அதைப் பிய்த்துத் தின்னப் பார்த்தது. சங்கு ஊதினார்கள். அன்றைக்குத் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு நின்றவர்களில் மூன்று பேரை அந்தப் பந்தியில் பார்த்தேன். ஒருவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இன்னொருவர் தன் பேரனுக்கு முள் எடுத்து மீன் ஊட்டிக்கொண்டிருந்தார்.

நிமாய் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தான்.

"உங்கள் சிநேகிதருக்கு ஊரில் யார் இருக்கிறார்கள்?"

"அம்மா இருந்தார்கள். அவர்களும் போய்விட்டார்கள்."

"நான் அவர் வாயில் அடித்தேன்."

"தெரியும்."

"பல் போயிற்றா?"

"ஒன்று."

அவன் தோளில் கிடந்த கம்சாத் துண்டால் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டான்.

நான் கிளம்பும்போது ஹாரானின் மனைவி சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். விதவை விசேஷத்தில் முன்னால் வரக்கூடாது என்று அங்கேயே ஒதுங்கி நின்றிருக்கிறாள். என்னைக் கையால் கூப்பிட்டாள்.

"உங்கள் சிநேகிதர் அன்று என்னிடம் எதையோ மறைத்தார், இல்லையா?" என்று கேட்டாள்.

நான் குழந்தையின் பக்கம் திரும்பினேன்.

"சொல்லவேண்டாம். அன்றைக்கே தெரியும். கூப்பிடவில்லை என்று சொன்னவர் முகம், கூப்பிட்டதைக் கேட்டவர் முகமாக இருந்தது." அவள் உள்ளே பார்த்தாள். குழந்தை கிரீடத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தது. "இத்தனை வருஷம் நான் தூங்கினேன் என்றால், அவர் சொல்லாததால்தான். ஒரு தடவை அவரை இங்கே உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கலாம். எங்கே, நிமாய் சம்மதித்திருக்கமாட்டான்."

நான் தலையைக் குனிந்துகொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். அந்தப் பாலத்தைத் தாண்டும்போது உன்னை இரைந்து கூப்பிடவேண்டும்போல் இருந்தது.

அவள் உன்னை மன்னித்தாள் என்று நான் எழுதமாட்டேன். உன்மேல் குற்றம் இருப்பதாக அவள் என்றைக்குமே நினைக்கவில்லை போலிருக்கிறது. அது தெரியாமலே நீ போய்விட்டாய், அதுதான் எனக்கு ஆறவில்லை. நீ என்னிடம் மட்டும் சொன்னதை நிமாய்க்கும் சொல்லமாட்டேன், அவளுக்கும் சொல்லமாட்டேன், என் மாணவர்களுக்கும் சொல்லமாட்டேன். அந்தத் தட்டல் இனி என் பாதத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். நீ செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்.